உங்கள் வீட்டிலேயே இருங்கள், பெரியம்மா

கோவில்பட்டி,
20.12.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. காலையும் மாலையும் நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்கிறாள். உங்கள் சுகத்தைத்தான் அண்ணன் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. திருக்கார்த்திகை அன்று புறவாசல் படியில் விளக்கு வைக்கக் குனிந்தபோது சறுக்கி விழுந்தீர்களாம். இடுப்பில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தீர்களாம். எதிர்வீட்டு மதினி பொறுக்கமாட்டாமல் அவனுக்குச் சொல்ல, அவன் புனேயிலிருந்து எனக்குச் சொன்னான். எலும்புக்கு ஒன்றும் ஆகாமல் போனது நம் நல்ல காலம்.

அவன் எதற்காக என்னைக் கூப்பிட்டான் என்று உங்களுக்கே தெரியும். "நீ சொன்னா அம்மா கேப்பாங்க. ஒண்ணு என்கூட வரட்டும், இல்லைன்னா கோயம்புத்தூர்ப் பக்கம் வயசானவங்களுக்குன்னே கட்டியிருக்கிற வீடு ஒண்ணு பாத்துத் தாரேன்" என்றான். அவன் கவலை நியாயமானது. ராத்திரி போன் அடித்தாலே நெஞ்சு பதறுகிறது என்கிறான். ஆனாலும் நான் அவனுக்காக உங்களிடம் பேச ஒப்புக்கொள்ளவில்லை. பெரியம்மா கல்லிடைக்குறிச்சியில் தன் வீட்டில்தான் இருக்கவேண்டும், அதற்கு என்ன வழி என்று பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு நான் உங்களிடம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் கேட்டால் "சரி பிள்ள, பாப்போம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆவணி மாதம் உங்கள் வாசலுக்கு ஒரு பெண் வந்தாளே, தோளில் பையோடு. பையில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, சர்க்கரை பார்க்கிற கருவி, மாத்திரைப் பொட்டலங்கள். "எனக்கு இனாமெல்லாம் வேண்டாம், எங்க வீட்டுக்காரங்க பென்ஷன் இருக்கு" என்று அவளைத் திண்ணையோடு திருப்பி அனுப்பியதை நீங்களே என்னிடம் சொன்னீர்கள். அந்தப் பெண்ணும் நானும் ஒரே வேலையில் இருக்கிறவர்கள், பெரியம்மா. அவள் உங்கள் ஊரில், நான் இந்த வட்டாரத்தில். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற திட்டம் இது. மகளிர் குழுவிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நோய் ஆதரவு நர்ஸ் ஒருவர், என்னைப்போல பிசியோ ஒருவர் வண்டியில் ஊர் ஊராகப் போகிறோம். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. விருதைப் பற்றி நீங்கள் கவலைப்பட மாட்டீர்கள் என்று தெரியும். நான் பார்த்துவருகிற ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன், அதைக் கேளுங்கள்.

எட்டயபுரம் போகிற பாதையில் ஒரு கரிசல் ஊர். ஆச்சிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். தீப்பெட்டி ஆபீசில் காலமெல்லாம் குச்சி அடுக்கியவர். ஒருநாள் இடது பக்கம் வாதம் அடித்துவிட்டது. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தன்னிடம் கூட்டிக்கொண்டு போனாள். மாடியில் ஒற்றை அறை. மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் வெளியே பூட்டிய கதவு. சாயங்காலம் வரை பேச ஆளில்லை, இறங்க முடியாத படி. ஆச்சி சாப்பாட்டை நிறுத்தினார். ஊருக்குக் கொண்டுவந்து விட்டபிறகுதான் கஞ்சி குடித்தார்.

முதல் மாதங்களில் படுக்கையிலேயே இருந்தார். முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கிற முறையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் நர்ஸ். நான் போய் முதலில் கட்டிலில் உட்காரவைத்தேன், பிறகு நிற்கவைத்தேன், பிறகு நாலுகால் கம்பைக் கையில் கொடுத்தேன். எங்களுக்குப் பட்டப்பெயர் என்ன தெரியுமா? "எக்சைஸ் பொண்ணு". இப்போது ஆச்சி தன் வீட்டுக்குள் தானே நடக்கிறார். ரத்த அழுத்த மாத்திரை தீருமுன் ஊர்ப் பெண் கொண்டுவந்துவிடுகிறாள். முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் வருகிறது. பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு என்று எம்.ஜி.ஆர். காலத்தில், 1983-ல், சத்துணவோடு சேர்த்தார்களே, அந்தச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் ஒரு பேரப்பிள்ளை வாங்கிவந்து வைத்துவிடுகிறது. அது சொந்தப் பேரனில்லை, தெருப் பிள்ளை. இந்த ஆகஸ்டிலிருந்து ரேஷன் அரிசியும் வீட்டுக்கே வருகிறது. 'தாயுமானவர்' திட்டம் என்று பெயர். வயதானவர்களுக்கும் நடக்கமுடியாதவர்களுக்கும் தராசையும் கைரேகை மெஷினையும் வண்டியில் வைத்துக்கொண்டு வாசலுக்கே வந்து அளந்து போடுகிறார்கள். தண்ணீர் இரண்டு குடம் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. வெயில் தாழ்ந்ததும் ஆச்சி வேப்பமரத்தடி வரைக்கும் கம்பை ஊன்றிப் போய்ச் சேக்காளிகளோடு உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

இத்தனை பேரில் ஒருவர் விலகினாலும் அந்த ஆச்சி மறுபடியும் மாடி அறைக்குத்தான் போகவேண்டும். ஆனால் அவர் வீட்டில் எந்தப் பானை எங்கே இருக்கவேண்டும், யார் எப்போது வரலாம், இன்றைக்கு நடைப்பயிற்சி உண்டா இல்லையா என்பதையெல்லாம் அவர்தான் சொல்கிறார். நான் நேரம் தப்பிப் போனால் "இப்ப வந்து நிக்கியே, நான் தூங்கப் போறேன், நாளைக்கு வா" என்று அனுப்பிவிடுவார். நானும் மறுநாள் போவேன்.

நீங்கள் சொல்கிற "யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பது" எனக்குப் புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த வீடு என்றைக்கு அப்படி இருந்தது? பெரியப்பா இருந்த காலத்தில் நெல் அவிக்க ஆள் வந்தது, மாவு இடிக்க ஆள் வந்தது, தேங்காய் பறிக்க, கிணறு இறைக்க, அப்பளம் இட என்று புறவாசல் வழியாக எப்போதும் ஆள் வந்து போய்க்கொண்டே இருந்தது. ஆற்றில் குளித்துவிட்டு வரும்போது கூடவே இரண்டு பேர் வருவார்கள். அதனால் அது உங்கள் வீடு இல்லாமல் போய்விட்டதா? நீங்கள்தான் எல்லோருக்கும் வேலை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்பது அதே மாதிரிதான். எந்தக் கை, எந்த நேரத்துக்கு, எதற்கு என்று நீங்கள் சொல்லுங்கள். கையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் இன்னொரு தடவை விழும்போது எல்லாவற்றையும் அண்ணன் முடிவு செய்வான், அவனையும் குறைசொல்ல முடியாது.

இனாம் என்ற வார்த்தையும் எனக்குச் சரியாகப் படவில்லை. பெரியப்பா சர்க்கார் பள்ளிக்கூடத்தில் எத்தனை தலைமுறைக்கு எழுத்தறிவித்தார். அந்த ஊர்ப் பெண்ணுக்கு அரசு கொடுக்கிற ஊக்கத்தொகை மிகக் குறைவு. அந்தத் தொகையில் உங்கள் வரியும் இருக்கிறது. அவள் கொண்டுவருகிற மாத்திரையை நீங்கள் கடையில் வாங்கிக்கொள்வீர்கள், சரி. ஆனால் உங்களை உட்காரவைத்து, கணுக்கால் வீங்கியிருக்கிறதா, மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சமிருக்கிறது, போன தடவைக்கு இந்தத் தடவை மெலிந்திருக்கிறீர்களா என்று பார்க்கிற கண்ணை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். "எந்தத் தெருப் பிள்ளை" என்று நீங்கள் அவளைக் கேட்டதும் எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்க்கிற பெண்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. படியேற விடாத வீட்டில் எப்படிக் கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பது? விழுந்துகிடக்கும்போது தூக்கப்போகிற கை அது. பெரியப்பா தன் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தவர். அடுத்த முறை அவள் வரும்போது உள்ளே கூப்பிடுங்கள். நாற்காலி போடுங்கள். வெயிலில் வந்திருப்பாள், வீட்டுத் தம்ளரில் மோர் கொடுங்கள். இதை நான் உங்கள் மகளாகவே கேட்கிறேன்.

இனி என் தொழில் விஷயம். விழுந்ததைப் பற்றி விரிவாக எழுதப்போகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

வயதானவர்கள் விழுவது தற்செயல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். "கால் இடறிட்டு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் ஒவ்வொரு விழுகைக்கும் நான்கைந்து காரணம் முன்கூட்டியே வந்து காத்திருக்கிறது. தொடைச் சதை மெலிந்திருக்கும். கண்ணில் புரை விழுந்து படியின் விளிம்பு தெரியாது. ராத்திரி ஒன்றுக்குப் போக அவசரமாக எழுந்திருப்பார்கள். படுத்திருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கிறுகிறுக்கும். வாசலில் கால் துடைக்கிற மிதியடி நகரும். ஈரத் தரை. இதில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் விழுவது குறையும். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், காலுக்குப் பலமும் நிலையும் தருகிற பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் மட்டுமே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது என்கிறார்கள். வேறு எந்த மருந்தும் இந்த அளவுக்குச் செய்யாது.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். சாய்வு நாற்காலி வேண்டாம், பெரியப்பாவின் எழுத்து மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கையையும் மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல், எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, 30 விநாடியில் எத்தனை தடவை முடிகிறது என்று மதினியை எண்ணச் சொல்லுங்கள். உங்கள் வயதில், 70 முதல் 74 வரைக்கும் உள்ள பெண்களுக்கு, 10-க்குக் குறைந்தால் விழுகிற அபாயம் உண்டு என்று கணக்கு. எத்தனை வந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். குறைவாக வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதுவேதான் பயிற்சியும். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் எழுந்து உட்காருங்கள். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், சாதம் கொதிக்கிற நேரத்துக்கு. பிறகு ஒரு காலுக்கு நேர் முன்னால் இன்னொரு காலை வைத்து, சுவரைத் தொட்டுக்கொண்டே நடுக்கூடத்தில் போய்வாருங்கள்.

எழுந்திருக்கும்போது மூன்று நிலை. கண் விழித்ததும் படுத்தபடியே காலை மடக்கி நீட்டுங்கள். பிறகு கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பிறகுதான் எழுந்து, எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, தலை சுற்றவில்லை என்றால் நடங்கள். கழிப்பறை புறவாசலில் இருப்பதுதான் எனக்குப் பெரிய பயம். ராத்திரிக்கு அறையிலேயே கமோடு நாற்காலி ஒன்று வைத்துக்கொள்ளலாம், பிடிவாதம் வேண்டாம். கண்புரையையும் தள்ளிப்போடாதீர்கள். திருநெல்வேலியில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1988-லிருந்து இருக்கிறது. காலையில் போய் ஆபரேஷன் முடித்து, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நானே கூட வருகிறேன்.

சாப்பாட்டைப் பற்றியும் மதினி சொன்னாள். ஒரு வேளை பொங்கி மூன்று வேளை ஒப்பேற்றுகிறீர்களாம். ஒரு ஆளுக்கு என்ன சமையல் என்று தோன்றுவது இயல்பு. தனியாக இருக்கிற பெண்கள் எல்லோருமே இதைத்தான் சொல்கிறார்கள். சோறும் மோரும் ஊறுகாயும் வயிற்றை நிரப்பும், சதையை வளர்க்காது. பருப்பு, பயறு, சுண்டல், தயிர் தினமும் வேண்டும். உங்கள் தெருவுக்குப் பின்னால் மகளிர் குழுக்காரர்கள் இரண்டு பேர் கேரியர் சாப்பாடு கொடுப்பதாக மதினி விசாரித்துச் சொன்னாள். மதியத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக் குறைத்து, குழைவாக, கூட்டு ஒன்று கட்டாயம் என்று நீங்களே நின்று சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்குவது, இதில் இனாம் பேச்சுக்கே இடமில்லை. காலையும் ராத்திரியும் உங்கள் கையால் இட்லியோ தோசையோ சுட்டுக்கொள்ளுங்கள். அந்த வேலையும் உங்களுக்கு வேண்டும்.

பென்ஷனுக்காக ஆட்டோ பிடித்து அலையவேண்டாம். நீங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வைத்து எடுத்துக்கொள்வார். 70 ரூபாய் கட்டணம். தபால் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். 14567 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள். முதியோர் உதவிக்காக நாடு முழுக்க 2021-ல் தொடங்கியது, காலை 8 முதல் ராத்திரி 8 வரை எல்லா நாளும் எடுப்பார்கள். பென்ஷன், சட்டம், மனக்கஷ்டம், எதைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். அவசரத்துக்கு 108. இவற்றை எல்லாம் உங்கள் சின்னப் போனில் ஒரே பொத்தானில் வருகிற மாதிரி நான் வந்து வைத்துத் தருகிறேன்.

இதையெல்லாம்விட எனக்குத் தெருமேல்தான் நம்பிக்கை அதிகம். அரசு அனுப்புகிற ஆள் மாதத்தில் ஒருநாள் வருவாள். மிச்ச நாளெல்லாம் உங்களைப் பார்க்கிறவர்கள் பால்காரரும் பூக்காரியும் மதினியும்தான். அதனால் மதினியோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன், நீங்கள் சம்மதித்தால். காலையில் நீங்கள் எப்படியும் வாசல் தெளித்துக் கோலம் போடுவீர்கள், மார்கழியில் சொல்லவே வேண்டாம். ஏழு மணிக்குள் வாசலில் கோலம் இல்லையென்றால் மதினி வந்து கதவைத் தட்டுவாள். கோலம் போட முடியாத நாளில் செம்பைத் திண்ணையில் வைத்துவிடுங்கள், அதுவும் அடையாளம். மாற்றுச் சாவி ஒன்று மதினியிடம், இன்னொன்று பால்காரர் வீட்டில். உள்தாழ்ப்பாள் வேண்டாம், வெளியிலிருந்து சாவியால் திறக்கிற பூட்டாக மாற்றிவிடலாம். விழுந்துகிடப்பவர்களுக்கு விழுந்த அடியைவிட, யாரும் பார்க்காமல் மணிக்கணக்கில் கிடந்ததுதான் அதிகக் கேடு செய்கிறது. உள்ளே தாழ் போட்ட கதவை உடைத்துத் திறக்கவேண்டிய நிலைமையை நான் இந்த வேலையில் பார்த்திருக்கிறேன்.

கேரளத்தில் இதை ஊர்க்காரியமாகவே செய்கிறார்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி நிவாரண சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1999 வாக்கில் மலப்புறத்துப் பக்கம் அது அக்கம்பக்கத்தார் வலையாகப் பரவியது. கடைக்காரர், கூலிக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் வாரத்தில் சில மணி நேரம் கொடுக்கிறார்கள். நோயாளி வீட்டுக்கு நர்சோடு போகிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறார்கள், அரிசி இல்லையென்றால் அரிசி வாங்கிப் போடுகிறார்கள். செலவுக்குப் பெரும்பகுதி சில்லறைக் காசாக ஊரிலேயே சேர்கிறது. 2008-ல் கேரள அரசே அதைக் கொள்கையாக ஏற்று ஊராட்சிகளிடம் கொடுத்தது. நம் பக்கத்தில் அரசுத் திட்டம் வலுவாக இருக்கிறது, அக்கம்பக்கம் ஒழுங்குபடவில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயது தாண்டியவர். பிள்ளைகள் பெங்களூரிலும் புனேயிலும் துபாயிலும் இருக்க, உங்கள் தெருவிலேயே எத்தனை வீட்டில் ஒற்றை விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஒருவர் சம்மதித்தால் அந்த வீடுகளுக்கும் இந்தக் கோல ஏற்பாட்டைக் கொண்டுபோகலாம். பெரியம்மா சொன்னால் தெரு கேட்கும்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று உங்களை நம்பவைக்க நான் விரும்பவில்லை. என்னைப்போல ஒரு பிசியோவுக்குப் பார்க்கவேண்டிய ஊர்கள் அதிகம். வாரம் இருமுறை பார்க்கவேண்டியவரை மாதம் ஒருமுறைதான் பார்க்க முடிகிறது. வீடு வீடாக நடக்கிற பெண்களுக்குக் கிடைக்கிற தொகை அவர்கள் செய்கிற வேலைக்குப் போதாது, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். 2007 முதியோர் சட்டத்துக்கான விதிகளில், தனியாக இருக்கிற முதியவர்களின் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்கவேண்டும், மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும் என்றிருக்கிறது. எல்லா இடத்திலும் நடப்பதில்லை. மதினியின் மகனை அழைத்துக்கொண்டு போய் உங்கள் பெயரை எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன், கேட்டால்தான் நடக்கும். பகலில் போய் உட்கார்ந்து பேச, சாப்பிட, கேரம் ஆட என்று 'அன்புச்சோலை' மையங்கள் 25 இடத்தில் வரும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அது பெரிய ஊர்களுக்குத்தான். கல்லிடைக்குறிச்சி மாதிரி ஊருக்கு எப்போது வரும் என்று காத்திராமல் கோயில் மண்டபத்திலோ உங்கள் திண்ணையிலோ சாயங்காலம் நாலு பேர் கூடினாலே போதும். மருந்தால் தீராத தனிமை அதில் கொஞ்சம் தீரும்.

கடைசியாக அண்ணனுக்காக ஒன்று. எப்போதுமே தனியாக இருந்துவிடலாம் என்று நான் அவனிடம் வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. அடுப்பை அணைக்க மறப்பது, பழகிய தெருவில் வழி தப்புவது, மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டு முறை போட்டுக்கொள்வது, ஒரு வருஷத்துக்குள் மறுபடி மறுபடி விழுவது, இதில் ஏதாவது வந்தால் நாம் மூவரும் உட்கார்ந்து பேசவேண்டும். அப்போது ராத்திரிக்கு ஆள் வைப்பதா, அம்மா அங்கே வந்து உங்களோடு இருப்பதா, நீங்கள் புனே போவதா என்று முடிவு செய்யலாம். இன்றைக்குத் தெளிவாக இருக்கும்போதே உங்கள் விருப்பத்தைச் சொல்லிவிடுங்கள். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தால் அவனுக்கும் நிம்மதி, அவன் உங்களை மீறி எதுவும் செய்துவிடுவான் என்ற பயம் உங்களுக்கும் இருக்காது. விழுந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். மறைத்தால்தான் அவன் பயம் கூடுகிறது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக வருகிறேன், அம்மாவும் வருகிறாள். கழிப்பறைச் சுவரிலும் புறவாசல் படி ஓரத்திலும் எவர்சில்வர் கம்பி பதிக்க உங்கள் ஊர்க் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. உயரம் நீங்கள் நின்று காட்டுகிற அளவுக்குத்தான் வைக்கவேண்டும், அதனால் நான் வரும்வரை அவர் சுவரில் துளை போடவேண்டாம். படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு அடிக்கலாம், புறவாசலுக்கு ஒரு டியூப்லைட். நடுக்கூடத்தில் கிடக்கிற அந்தப் பழைய கம்பளத்தை இன்றைக்கே சுருட்டிப் பரணில் ஏற்றச் சொல்லுங்கள். நீங்கள் ஏறவேண்டாம், மதினியின் மகன் ஏறுவான். ஊர்ப் பெண் அடுத்து வருகிற தேதியை அவளிடமே கேட்டு மதினிக்குச் சொல்லியிருக்கிறேன். நாற்காலிக் கணக்கு எத்தனை வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் தங்கச்சி மகள்